தப்பின் மேல் வைத்த கை

போன மாதம் ஒரு சாயங்காலம் நீலகிரியில் பந்தலூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளும் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து தேயிலைத் தோட்டத்துப் பாடிகளில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், வீதி நாடகம் போடப் போகிறார்கள். "தோழர், நீங்க முன்னாடி போட்ட நாடகத்தோட நோட்டு இருக்கா? அதுல நீங்கதான் கெழவி வேஷம் கட்டுனீங்கன்னு எங்க தாத்தா சொன்னாரு" என்றாள். இருக்கிறது என்றேன். பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கித் தேடினேன். நாற்பது பக்க நோட்டு. ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது, எழுத்து அழியவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். ராத்திரியே மறுபடி போன். "தோழர், கடைசிப் பக்கம் வரலையே. முடிவு எங்க?"

கடைசிப் பக்கம் நோட்டில் இல்லை. நான்தான் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்று போனில் சொல்ல வரவில்லை. "யோசிச்சுட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன். கிட்டத்தட்ட இருபது வருஷமாக இதை நான் யாரிடமும் முழுசாகப் பேசியதில்லை. குழுவில் கூட இருந்தவர்களிடமும் பேசவில்லை. அந்த ராத்திரியை அவர்கள் வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆறு பேரும் ஒரு தப்பும்

2006-ல் நாங்கள் ஆறு பேர். கூடலூரில் ஒரு தையல் கடை மாடியில் கூடுவோம். தையல்காரர்தான் எங்களில் மூத்தவர், தப்பு என்கிற பறையை அடிப்பவரும் அவர்தான். அறிவொளி எழுத்தறிவு இயக்க காலத்தில் கலைப்பயணத்தோடு ஊர் ஊராகப் போனவர். ஒரு ஜீப் டிரைவர், இரண்டு ஆசிரியர்கள், ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர், நான். குழுவில் பெண்கள் யாரும் இல்லை. கூத்தில் ஆம்பளைதானே திரௌபதி கட்டுகிறான் என்று அன்றைக்கு அதற்கு நியாயம் சொல்லிக்கொண்டோம். அந்த நியாயம் போதாது என்று இப்போது தெரிகிறது. கிழவி வேஷம் எனக்கு வந்தது. என் அம்மாயியின் சேலை, அம்மாயியின் நடை, அம்மாயி பேசுகிற சிலோன் தமிழ். மூன்றையும் எடுத்துக்கொண்டேன்.

மேடை வேண்டாம், லைட் வேண்டாம், டிக்கெட் வேண்டாம், ஜனங்கள் சுற்றி நின்றால் அதுவே அரங்கம் என்பதை 1980-ல் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலத்தில் வங்க நாடகக்காரர் பாதல் சர்க்கார் நடத்திய பயிலரங்கிலிருந்து தமிழ்நாட்டில் நிறையப் பேர் எடுத்துக்கொண்டார்கள். பிரளயனின் சென்னைக் கலைக்குழு போல எத்தனையோ குழுக்கள் அந்தப் பாதையில் வந்தன. எங்களுக்கு அதெல்லாம் தையல்காரர் வாய்வழியாக வந்து சேர்ந்தது. டெல்லி வீதி நாடகக்காரர் சப்தர் ஹஷ்மி கதையும் அப்படித்தான் வந்தது. ஒத்திகை முடிந்து கட்டன் சாயா குடிக்கும்போது அவர் அதைச் சொல்லாத நாள் குறைவு.

நாடகம் இருபத்தைந்து நிமிஷம். வேலையிலிருந்து நிற்கிற 58 வயது அம்மாவிடம் தோட்டத்து ஆபீஸில் சொல்கிறார்கள்: பாடி வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுட்டி. அவள் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறாள். கணக்கப்பிள்ளை வருகிறார், தொரை வருகிறார், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன மகன் வருகிறான். ஆளாளுக்குப் பேசிப் பார்க்கிறார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் "நான் இறங்க மாட்டேன்" என்கிறாள். மற்ற ஐந்து பேரும் கையை உயர்த்தி "இறங்க மாட்டோம்" என்று மூன்று தடவை முழங்குவோம். தப்பு உச்சத்துக்குப் போகும். கூட்டமும் சேர்ந்து முழங்கும். நான் கிழித்தது இந்தப் பக்கத்தைத்தான்.

தோட்டத்தில் வீடு என்பது வேலையின் வால். தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று அப்போது நடப்பில் இருந்த 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. வேலை நின்றால் அந்த வீடு தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். கிராஜுட்டிக்கான பணிக்கொடைச் சட்டம் 1972-ல் வந்தது. ஒரு வருஷ வேலைக்கு 15 நாள் சம்பளம் என்பது அதன் கணக்கு. 36 வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு 540 நாள் சம்பளம் வரவேண்டும். அந்தப் பணம் ஒரு சாவிக்காகக் காத்துக் கிடக்கும். சாவியைக் கொடுக்காமல் ஐந்து வருஷம், பத்து வருஷம் அதே வீட்டில் பணமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

சிலோன் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த எங்கள் ஜனங்களுக்கு இது இன்னும் கனமான விஷயம். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அப்படி வந்தவர்களைக் குடியமர்த்தத்தான் 1968-ல் அரசு இங்கே தேயிலை நட ஆரம்பித்தது. பின்னால் அதுவே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். என் அம்மாயி ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, மலை ஏறினவர். "அந்த லயத்துல பூட்டுன கதவ இந்த லயத்துல வந்து தொறந்தேன்" என்பார். பாடியைத்தான் சிலோனில் லயம் என்பார்கள். ஒரு தடவை இறக்கிவிடப்பட்டவர்களை மறுபடி இறங்கு என்கிறார்களே என்ற ஆத்திரத்தில் எழுதியதுதான் அந்தக் கடைசிப் பக்கம். ஒரே மூச்சில், நின்றுகொண்டே எழுதினேன். எழுதி முடித்தபோது கை நடுங்கியது.

முடிவு என்ன என்று கேட்டவர்

முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். நோட்டோடு காவல் நிலையம் போனோம். அப்போது 1954-ன் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் உயிரோடு இருந்தது. எம்.ஆர். ராதாவை மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். நாடகப் பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற அதிகாரத்தை அது அரசுக்குக் கொடுத்திருந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. நாங்கள் போனது அதற்கு ஏழு வருஷம் முன்னால். அதிகாரி நோட்டை வாங்கி நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "முடிவு என்னப்பா?" கோஷம் சார் என்றோம். வாய்விட்டு ஒரு தடவை படித்தார். "சரி. மைக் கூடாது. ஏழு மணிக்கு முடிச்சிருங்க, யானை எறங்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

முடிவைச் சொல்லிவிட்டால் நாடகம் என்ன செய்யும் என்பது தெரிந்துவிடும் என்று அவர் நினைத்திருக்கிறார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம் என்று இப்போது படுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

சேரம்பாடிப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் போட்ட மறுநாள். அதற்கு முன்னால் ஒன்பது பாடிகளில் போட்டிருந்தோம், எல்லா இடத்திலும் கோஷத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றது. இது பத்தாவது. காலையில் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்தில் வட்டம் கட்டினோம். பிள்ளைகள் மண்ணில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், ஆண்கள் சுவரோரம் நின்றார்கள். கவாத்துக் குச்சிகளைக் கூட்டி நெருப்பு மூட்டி, தையல்காரர் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். குளிருக்குத் தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும், நாலு அடிக்கு ஒரு தடவை நெருப்பில் காட்ட வேண்டும்.

நாடகம் நன்றாகப் போனது. கணக்கப்பிள்ளைக்குச் சிரித்தார்கள், மகன் வந்தபோது அமைதியானார்கள். கவிழ்த்துப் போட்ட ஒரு கொழுந்துக் கூடைதான் எங்கள் வாசற்படி. நான் அதன் மேல் உட்கார்ந்து, மூச்சை இழுத்து, "நான் இறங்க மாட்டேன்" என்றேன்.

"ஏன்?" என்று ஒரு குரல் கேட்டது.

பிள்ளைகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அம்மா. தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல்களில் கொழுந்துக் கறை. கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுப்பது வீதி நாடகத்தில் சகஜம்தான். நான் காதில் வாங்காத மாதிரி இன்னொரு தடவை வசனத்தைச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். "ஏன் தம்பி எறங்க மாட்ட? நான் எறங்கணும். முப்பத்தாறு வருசமா ஒழுகுற வீடு அது. மழைக்குச் சட்டி வச்சு சட்டி வச்சே வயசு போயிருச்சு. எம்மக மேட்டுப்பாளையத்துல இருக்கா, அங்க போறேன்னு சொன்னா எல்லாரும் போகாத, போகாதங்குறாங்க. இப்ப நீயும் எஞ்சேல மாதிரி ஒண்ணச் சுத்திக்கிட்டு வந்து போகாதங்குற. எங்காச வாங்கிக்கிட்டு நான் எறங்கணும்."

அடுத்து நடந்ததை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் உடம்பு சுருங்குகிறது. நாடகம் கையை விட்டுப் போகிறது என்று தையல்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவர் தப்பை ஓங்கி அடித்தார். அடியின் அர்த்தம் எங்களுக்குத் தெரியும்: கோஷத்துக்குப் போங்கள். மற்றவர்கள் "இறங்க மாட்டோம்" என்று ஆரம்பித்தார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். அந்த அம்மா பேசிக்கொண்டேதான் இருந்தார். மூன்று அடி தூரத்தில் அவர் உதடு அசைவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் தெரிந்தது. ஒரு சொல்லும் கேட்கவில்லை. தொழிலாளியின் குரல் என்று நோட்டீஸில் அச்சடித்துக்கொண்டு போன நாங்கள், எதிரில் நின்று பேசிய தொழிலாளியின் குரலைத் தப்படித்து அமுக்கிக்கொண்டிருந்தோம்.

அவர் பிள்ளைகளைத் தாண்டி வட்டத்துக்குள் வந்தார். தையல்காரர் முன்னால் நின்று, வலது கையை விரித்துத் தப்பின் மேல் வைத்தார். அடித்துக்கொண்டிருந்த குச்சி அவர் விரலில் ஒரு தடவை பட்டிருக்கும். சத்தம் சட்டென்று செத்தது. அவர் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "சுடுது" என்றார்.

எரிந்த கட்சி, எரியாத கட்சி

அந்த அமைதி ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. சுவரோரத்திலிருந்து ஒருத்தர் கத்தினார். "நீ எறங்கிட்டா நாளைக்கு எங்க எல்லாரையும் எறக்கிருவான். ஒத்த வீடு காலியானா அடுத்த வீட்டுக்கு நோட்டீசு வரும்." இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண், "அதுக்காக அந்தம்மா சாகுற வரைக்கும் ஒழுகுற வீட்டுக்குக் காவல் இருக்கணுமா?" என்றாள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். தையல்காரர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கிளம்பலாம் என்று. நான் சேலையைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் மப்ளர் சுற்றிய ஒரு தாத்தா வட்டத்துக்கு நடுவில் வந்தார். "சும்மா கத்தாதீங்க. எரிஞ்ச கட்சி இந்தப் பக்கம் உக்காரு, எரியாத கட்சி அந்தப் பக்கம் உக்காரு. ஒவ்வொருத்தரா பேசு."

எங்கள் ஜனங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மாசியில் காமன் கம்பம் நட்டு, ரதி மன்மதன் வேஷம் கட்டி ஆடுகிற காமன் கூத்தை, கடலைத் தாண்டிப் போனபோதும் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தபோதும் கொண்டுவந்தார்கள். அதோடு லாவணியும் உண்டு. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி, எதிரெதிரே உட்கார்ந்து டேப் என்கிற தோல் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கேள்வியும் பதிலுமாகப் பாடுவார்கள். சிவன் நெற்றிக்கண்ணால் எரித்தது உண்மை. ரதி அழுது கேட்டதால் அவள் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிந்ததும் உண்மை. கதையே இரண்டு கட்சிக்கும் ஆதாரம் கொடுத்து வைத்திருக்கிறது. எனக்குச் சின்ன வயசில் அம்மாயி மடியில் படுத்துக்கொண்டு லாவணி கேட்ட ஞாபகம் இருக்கிறது. யார் ஜெயித்தார்கள் என்ற ஞாபகம் இல்லை.

ஜனங்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள். புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி மறுபக்கமும் போனதைப் பார்த்தேன். பேச்சு நடந்தது. வீட்டை விடக்கூடாது என்றவர்கள் காரணங்களோடு பேசினார்கள். கீழே போய் வாடகை கொடுத்தால் 540 நாள் சம்பளம் எத்தனை மாதம் தாங்கும், அதற்கப்புறம் மருமகன் வீட்டுத் திண்ணைதானே என்றார் ஒருவர். பாடி காலியானால் அடுத்த தலைமுறைக்கு இந்த மலையில் காலூன்ற ஒரு சாண் இடம் இருக்காது என்றார் இன்னொருவர். இறங்கலாம் என்றவர்களிடமும் வலுவான காரணம் இருந்தது. பிள்ளைகள் யாரும் கொழுந்து பறிக்கத் திரும்பப் போவதில்லை, நாம் யாருக்காக இந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பெண் கேட்டபோது எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் வாயடைத்துப் போயிற்று. வீட்டைக் கேட்டுப் போராடுவதற்குப் பதில், வீட்டையும் காசையும் ஏன் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடுகிறீர்கள் என்று கேட்டுப் போராடலாமே என்று ஒரு பையன் சொன்னான். எங்கள் நாடகத்தில் அந்த யோசனை எந்த மூலையிலும் இல்லை.

அப்புறம், இரண்டு பக்கமும் உட்காராமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண் பேசினாள். கைக்குழந்தை வைத்திருந்தாள். "நாங்க டெம்பரவரி. எங்களுக்கு வீடும் கெடையாது, கிராஜுட்டியும் கெடையாது. நாங்க எந்தக் கட்சியில உக்காரணும்?" தாத்தா அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். அவளையும் யாரும் எங்கள் நாடகத்தில் எழுதியிருக்கவில்லை.

ஏழு மணிக்கு முடிக்கச் சொன்னார்கள். பத்தரை மணிக்குக் கீழ்ப் பாடியிலிருந்து விசில் சத்தமும் தகரம் தட்டுகிற சத்தமும் வந்த பிறகுதான் கூட்டம் கலைந்தது. வாழைத் தோட்டத்தில் இரண்டு யானை. டார்ச் இருந்தவர்கள் முன்னாலும் பின்னாலும், நடுவில் பெண்களும் பிள்ளைகளும் என்று கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்த அம்மா, அவரை எதிர்த்துப் பேசிய அதே ஆளின் டார்ச் வெளிச்சத்தில்தான் நடந்தார். அப்போதும் இருவரும் பேசிக்கொண்டுதான் போனார்கள்.

போகாமல் விட்டது

அடுத்த வாரம் தையல் கடை மாடியில் விமர்சனக் கூட்டம் நடந்தது. நாடகம் தோற்றுவிட்டது என்பதில் ஆறு பேருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒற்றுமையை உண்டாக்கப் போன இடத்தில் பிளவை உண்டாக்கிவிட்டோம், நிர்வாகத்துக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி என்றார் தையல்காரர். நான் மறுக்கவில்லை. என் எழுத்தில்தான் கோளாறு என்று நினைத்தேன், கடைசிப் பக்கத்தை அன்றைக்கு ராத்திரி கிழித்தேன். இன்னும் உறுதியான முடிவை எழுதுகிறேன் என்று குழுவிடம் சொன்னேன். எழுதவில்லை. குழு ஆறு மாதத்தில் கலைந்தது. இரண்டு வருஷம் நான் எந்த நாடகத்தையும் பார்க்கக்கூடப் போகவில்லை.

சப்தர் ஹஷ்மி கதைக்கு வருகிறேன். 1989 ஜனவரி 1, டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில் ஜண்டாபூர் என்ற இடத்தில் தொழிலாளர்களுக்காக நாடகம் நடந்துகொண்டிருந்தபோது தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி அங்கேயே இறந்தார். ஹஷ்மி மறுநாள் இறந்தார், 34 வயது. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீயும் குழுவும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற அந்த நாடகத்தை முடித்தார்கள். தையல்காரர் இதைச் சொல்லும்போது எனக்கு நடிகர்களின் தைரியம்தான் பெரிதாகத் தெரியும். அந்தத் தைரியத்துக்கு முன்னால் எங்கள் அனுபவத்தை வைக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு விஷயம் இத்தனை வருஷமாகக் குத்துகிறது. உயிர் போன இடத்துக்கு அவர்கள் மூன்று நாளில் திரும்பிப் போனார்கள். எங்களை அங்கே யாரும் அடிக்கவில்லை, ஒரு அம்மா கையை வைத்தார், அவ்வளவுதான். நாங்கள் அந்தப் பாடிக்குத் திரும்பிப் போகவே இல்லை. ஜண்டாபூரில் மறுபடி வந்து வட்டம் கட்டி நின்ற தொழிலாளர்களை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்களுக்கும் வட்டம் கட்ட ஆட்கள் இருந்தார்கள். பத்தரை மணி வரைக்கும் குளிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் பதில் சொல்லவில்லை.

2022

டான்டீயின் தேயிலைக் காட்டில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதாக 2022-ல் அரசு முடிவெடுத்தபோது கூடலூர், பந்தலூர் பக்கம் பெரிய கொந்தளிப்பு எழுந்தது. கட்சிகள் போராட்டம் நடத்தின. நானும் ரோட்டுக்கு வந்தேன். தொண்டை கட்டுகிற வரைக்கும் கோஷம் போட்டேன், அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. அரசாங்கத்தின் முன்னால் நிற்கும்போது ஒரே குரலாக நிற்கத்தான் வேண்டும். அங்கே போய் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று உட்கார்ந்தால் நம்மை எழுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். கோஷமே கூடாது என்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. இந்த மலையில் கிடைத்த எதுவும் கேட்காமல் கிடைத்ததில்லை. 1988 டிசம்பர் 5 அன்று கூடலூரில் ஆதிவாசிகள் ஆயிரக்கணக்கில் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். அதைப் பார்த்த பெரியவர்கள் இன்றைக்கும் அந்த நாளைச் சொல்வார்கள். அவ்வளவு பேரின் கால் பட்ட பிறகுதான் அந்த ரோட்டில் அவர்களை மனுஷர்களாகப் பார்த்தார்கள்.

ஆனால் போராட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர், இந்தத் தோட்டத்தை விட்டால் நமக்கு ஏது அடையாளம் என்றார். இன்னொருவர், நல்ல வீடும் பட்டாவும் கொடுத்தால் நாளைக்கே போய்விடுவேன் என்றார். பகலெல்லாம் இருவரும் ஒரே கொடியைப் பிடித்திருந்தவர்கள். அந்தப் பேச்சு நடக்க வேண்டிய இடம் டீக்கடை பெஞ்ச் இல்லை என்று அப்போது தோன்றியது. அதற்கு ஒரு களம் வேண்டும், சுற்றி ஜனங்கள் வேண்டும், கேட்கிற காது வேண்டும். அது எல்லாமே எங்களிடம் ஒரு ராத்திரி இருந்தது.

நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போடுகிற நாடகம் ஒன்று, பாடிக்குள் போடுகிற நாடகம் வேறொன்று. இரண்டையும் ஒரே நோட்டிலிருந்து போட்டது எங்கள் தவறு. வாசலில் போடுகிற நாடகத்துக்கு முடிவு வேண்டும், அதை எல்லோரும் சேர்ந்து முழங்க வேண்டும். பாடிக்குள் போனால் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அந்த அம்மா "ஏன்?" என்று கேட்ட இடத்தில் நான் வசனத்தை நிறுத்திவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா" என்று கூடையிலிருந்து எழுந்து இடம் விட்டிருக்க வேண்டும். அது ரொம்பச் சின்ன வேலை. அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. நான் நடிப்பில் இருந்தேன். என் அம்மாயியின் கோபத்தில் இருந்தேன். எதிரில் நிற்கிறவருக்கும் அம்மாயி வயசு, அதே கப்பலில் வந்தவராகக்கூட இருக்கலாம், அவருக்கு வேறு கோபம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவர் சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்விட்டதாக அடுத்த மழைக்கு முன்னால் கேள்விப்பட்டேன். டார்ச் பிடித்து நடந்தவர் இன்னும் அதே பாடியில்தான் இருக்கிறார், அவரும் வேலையிலிருந்து நின்றாயிற்று, சாவியைக் கொடுக்கவில்லை. யார் செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது.

பந்தலூர்ப் பெண்ணுக்கு நேற்று போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "அந்தம்மா சொன்னத அப்படியே எழுதி அனுப்புறீங்களா தோழர்?" என்றாள். ஞாபகத்தில் இருந்த வரைக்கும் எழுதி அனுப்பினேன். ஒழுகுற வீடு, சட்டி, மேட்டுப்பாளையம், சுடுது. குழாய்ப் பக்கம் நின்ற பெண் கேட்டதையும் சேர்த்தேன். முதல் நாடகத்தை அந்தப் பாடியிலேயே போட முடியுமா என்று கேட்டேன். அவர்கள் குழுவில் கிழவியாக நடிப்பது ஒரு பெண்தான், அவள் வீடே அங்கேதானாம். வரும் ஞாயிறு, பிரட்டுக் களத்தில், மத்தியானம் மூன்று மணிக்கு ஆரம்பம். யானை நடமாட்டம் அதிகமாகிவிட்டதால் ஆறு மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குள் போக வேண்டும். அதனால் நாடகத்தைப் பதினைந்து நிமிஷமாகச் சுருக்கிவிட்டார்கள், மிச்ச நேரம் உட்கார்ந்து பேசுவதற்கு.

தையல்காரர் தவறிப்போய் மூன்று வருஷம் ஆகிறது. தப்பு என்னிடம்தான் இருக்கிறது. தோல் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. தேவாலாவில் ஒருத்தரிடம் புதுத் தோல் கட்டக் கொடுத்திருக்கிறேன், சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்.